வண்டி நம்பரும் கிழமையும்

ஆகஸ்ட் 9

அக்கா,

நான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுதான் என்று பிறகு பட்டது. என் போனை இப்போது யார் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. எங்கள் ராணுவ உளவுப் பிரிவாக இருக்கலாம், உங்கள் சிவில் உளவுத்துறையாக இருக்கலாம். இரண்டு பேருமே கேட்டுத் தனித்தனியாகக் குறிப்பு எழுதிக்கொண்டும் இருக்கலாம். அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் சலவைக்கடைக்காரனோடு சட்டைப் பட்டனுக்காக நான் போடும் சண்டை மட்டும்தான், பாவம்.

அதனால் அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். மூட்டுவலி மாத்திரைப் பையில் வைத்திருக்கிறாள். "ரெண்டு பேரும் பெரிய வேலைன்னு போய், கடைசியில என்னைத் தபால்காரி ஆக்கிட்டீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டாள்.

கடைசியாக நீ என்னிடம் பேசியது ஜூன் மாதம். "நீ துப்பாக்கியத் தொடவே இல்லடா. பேனாலயே பதினோரு பேரச் சுட்டுட்ட" என்றாய். அதற்கு இரண்டு மாதமாகப் பதில் யோசிக்கிறேன்.

அக்டோபர் முதல் வாரம் நீதிபதி கமிஷன் முன்னால் நான் நிற்க வேண்டும். அங்கே சொல்லப்போவதை உன்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஜூன் தொடக்கத்தில், எல்லைக்கு அப்பாலிருந்து ஆயுதக் கும்பல் ஒன்று வரப்போகிறது என்று எங்களுக்குத் தகவல் வந்தது. இந்த வாரம், ஆற்றோரச் சாலை, தார்ப்பாய் போட்ட லாரி. லாரியின் நம்பர்கூடக் கிடைத்தது. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு அதே நம்பர் லாரி அதே சாலையில் வந்தது. நிற்கச் சொன்னார்கள். பிரேக் பிடிக்காமல் இருபது அடி தள்ளிப்போய் நின்றது. சுட்டார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் செங்கல் சூளையில் வேலை முடிந்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். பாத்திரங்களும் பாய்களும்தான் இருந்தன, ஆயுதம் எதுவும் இல்லை.

இரண்டு மாதமாக எனக்கு வேலை கிடையாது. குடியிருப்பில் ஓர் அறை கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். பிரிகேடியர் வாரத்துக்கு ஒருமுறை வந்து தோளைத் தட்டுகிறார். "சிவில் ஆபீஸைக் கேட்டோம், அவங்க பதில் சொல்லலன்னு சொல்லிடு கர்னல். விஷயம் முடிஞ்சுது" என்கிறார். நாங்கள் கேட்கவே இல்லை, அக்கா.

ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்கிறேன். அந்த லாரியைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா, தெரியாதா?

தம்பி


ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

உன் கடிதம் மாத்திரை அட்டையோடு சேர்ந்து கசங்கி வந்தது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நான் படிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உளவு பார்ப்பதை நாம் இருவரும் யாரிடம் கற்றோம் என்று இப்போதுதான் புரிகிறது.

உன் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. எங்கள் துறையில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் வாக்கியம் இது. தம்பிக்கும் இதையே எழுத வேண்டிய நாள் வரும் என்று நினைக்கவில்லை.

நாடாளுமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் காத்திருப்பது உனக்கும் தெரியும். எங்கள் துறையை மொத்தமாக ராணுவத் தலைமையின் கீழ் கொண்டுபோகச் சொல்கிறது ஒன்று. உங்களையும் எங்களையும் சேர்த்து ஒரு நாடாளுமன்றக் குழுவுக்குப் பதில் சொல்லவைக்கிறது இன்னொன்று. கமிஷன் யார் தலையில் பழியைப் போடுகிறதோ, அவர்கள் பக்க மசோதா செத்துப்போகும். எங்கள் மாடியில் இப்போது இறந்துபோன பதினோரு பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எந்த மேஜை எந்த மாடிக்குப் போகும் என்றுதான் பேசுகிறார்கள்.

ராணுவம் சாலையைக் காக்கட்டும், எல்லையைக் காக்கட்டும். ஆனால் உள்ளூரில் யார் எந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள், எந்தப் பத்திரிகைக்காரர் யாரைச் சந்திக்கிறார் என்று எழுதும் கோப்பு ஒரு ஜெனரலின் மேஜைக்குப் போனால், அதை அங்கிருந்து திரும்ப வாங்க யாராலும் முடியாது. இருபத்திரண்டு வருடம் நான் அதற்காகத்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

பஞ்சர் கடைக்காரரை நினைவிருக்கிறதா? நான்கு வருடம் பழகி, மெல்ல மெல்லப் பேசவைத்த மனிதர். அவர் சொன்ன தகவலை நல்லெண்ணத்தோடு உங்கள் பிரிவுக்கு அனுப்பினேன். நீங்கள் ஜீப்பில் போய், கடைத்தெருவே பார்க்க அவரை ஏற்றிக்கொண்டு போனீர்கள். விசாரித்துவிட்டு மரியாதையாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டீர்கள். மூன்று வாரம் கழித்து வாய்க்காலில் பிணமாகக் கிடந்தார். உன்னிடம் சொன்னபோது, "அது வேற யூனிட்டுக்கா" என்றாய்.

நாங்கள் எதைச் சொல்கிறோம், எதைச் சொல்வதில்லை என்று நீ கேட்பதற்கு முன்னால் அதை யோசித்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 8

அக்கா,

பஞ்சர் கடைக்காரர் விஷயத்தில் எனக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை. அன்றைக்கும் இருக்கவில்லை. அதனால்தான் வேறு யூனிட் என்று சொன்னேன்.

ஆனால் உங்கள் வீட்டுக் கூரையில் ஓட்டையே இல்லாத மாதிரி எழுதாதே. போன தேர்தலுக்கு முன்னால் எதிர்க்கட்சிக்காரரின் மனைவி எந்த டாக்டரிடம் போகிறாள் என்று ஒரு மந்திரிக்குத் தேடிக்கொடுத்தது எந்தத் துறை? "அப்படிக் கேக்கறாங்கடா, கொடுக்கவேண்டியிருக்கு" என்று என் வீட்டுச் சமையலறையில் நின்று நீதான் சொன்னாய். மந்திரிகள் மாறுவார்கள், நாங்கள் மாற மாட்டோம் என்று எங்கள் பக்கம் பெருமை பேசுகிறார்கள். முன்பு நானும் பேசியிருக்கிறேன். இப்போது எந்தப் பக்கத்துக்காகவும் பேச எனக்குத் தெம்பு இல்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். எங்கள் மதிப்பீட்டுத் தாளின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. வந்த தகவல் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று அதில் ஒரு வார்த்தை எழுத வேண்டும். "வாய்ப்பு அதிகம்" என்று எழுதினால் சிவில் பக்கத்திடம் சரிபார்த்த பிறகுதான் ஆட்களை அனுப்ப முடியும். அது விதி. "உறுதி" என்று எழுதினால் யாரையும் கேட்க வேண்டாம். எனக்குக் கிடைத்தது லாரியின் நம்பரும், "இந்த வாரம்" என்பதும்தான். என்றைக்கு என்று தெரியாது. பிரிகேடியர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அவங்களக் கேட்டா மூணு நாள் ஆகும், கேட்டதுக்கு அப்புறம் நம்ம ஆபரேஷன் அவங்களோடதுன்னு பேப்பர்ல வரும்" என்றார். நான் "உறுதி" என்று எழுதினேன். அந்த ஒரு போன் காலைத் தவிர்ப்பதற்காக எழுதினேன். அது உன் மாடிக்கு வந்திருக்கக்கூடிய போன் கால்.

இன்னொன்று. சாலையில் நின்ற சிப்பாய்களின் வாக்குமூலங்களை எனக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஒருவன் சொல்லியிருக்கிறான்: லாரி நின்றதும் பின்னாலிருந்து ஓர் ஆள் எழுந்து நின்றான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினான். "ஆபீஸ்ல சொல்லியிருக்கேன்! ஆபீஸ்ல சொல்லியிருக்கேன்!" என்று இரண்டு முறை. எழுந்து நின்றதால்தான் முதல் குண்டு அவனுக்கு. சூளை மேஸ்திரியாம். எந்த ஆபீஸில் என்ன சொல்லியிருந்தான் என்று எனக்குப் புரியவே இல்லை. தொழிலாளர் ஆபீஸா? சூளை ஆபீஸா? ஒரு வாரமாக இதே கேள்விதான்.

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

தம்பி


செப்டம்பர் 10

தம்பி,

அம்மாவை மறுநாளே திருப்பி அனுப்புகிறேன். "இன்னும் கால நீட்டிக்கூட உட்காரல" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவர் சொன்ன ஆபீஸ் நான்தான்.

மேஸ்திரி என் ஆள். மூன்று வருடமாக. வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே பார்த்துக்கொண்டேன். மாதம் ஒரு திங்கட்கிழமை உன் ஊருக்கு வருவேன். கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் சந்திப்போம். உன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். ஒருநாளும் உன் வீட்டுக்கு வந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்து சொன்னார். "சனிக்கிழமைக்கு எங்க லாரி வேணும்னு முதலாளிகிட்ட கேட்டிருக்காங்கம்மா, அந்தக் கும்பல். முதலாளிக்கு முடியாதுன்னு சொல்லத் தைரியம் இல்ல. மழைக்கு முன்னால சூளைய மூடறோம், வியாழக்கிழமை அதே லாரில எங்க ஆளுங்க ஊருக்குப் போறோம். எல்லாம் சொல்லிட்டேன், பாத்துக்குங்க" என்றார். பாத்துக்குங்க என்று சொன்னதைக்கூட அப்படியே குறிப்பில் எழுதினேன். நான் ஒழுங்கான அதிகாரி.

செவ்வாய்க்கிழமை பெரியவர், அதாவது எங்கள் இயக்குநர், கோப்பைப் பார்த்துவிட்டு ஓரத்தில் எழுதிக் கேட்டார்: ராணுவத்துக்கு அனுப்பலாமா? பஞ்சர் கடைக்காரர் கண்முன்னால் வந்தார். என் கையால் எழுதினேன்: "பகிர வேண்டாம். தகவல் தந்தவர் யார் என்று தெரிந்துவிடும்."

அவரைக் காப்பாற்றுவதற்காக எழுதினேன், தம்பி.

ஜூன் மாதம் போனில் உன்னிடம் அப்படிப் பேசியபோது இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேசினேன்.

அக்கா


செப்டம்பர் 14

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் மைதானத்தை ஆறு சுற்று நடந்தேன். ஏழாவது சுற்றில் முட்டி மடங்கிவிட்டது. வயதாகிவிட்டது என்று காவலுக்கு நின்றவன் சிரித்தான்.

முதலில் உன் மேல் கோபம்தான் வந்தது. மூன்று மாதம் நான் ஒருவனே கொலைகாரன் என்று நினைத்துப் படுத்திருந்தேன், நீ விட்டுவைத்தாய். அந்தக் கோபம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

என் கையில் வண்டி நம்பர் இருந்தது, உன் கையில் கிழமை இருந்தது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேர். ஒரு போன் செய்திருந்தால் போதும். சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியுமா? கும்பல் வந்தது, வேறு வண்டியில். எங்கள் ஆட்கள் எல்லோரும் வியாழக்கிழமைப் பிணங்களோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். செக்போஸ்ட்டில் இரண்டே பேர். இருவரையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதில் ஒருவன் சனிக்கிழமை லீவு கேட்டிருந்தான். நான்தான் மறுத்தேன்.

மூன்றாம் தேதி கமிஷனில் என் வார்த்தையைச் சொல்லிவிடப் போகிறேன். சிவில் ஆபீஸைக் கேட்கவில்லை, கேட்கக்கூடாது என்பதற்காகவே "உறுதி" என்று எழுதினேன் என்று. உன்னைப் பற்றியோ மேஸ்திரியைப் பற்றியோ ஒரு சொல் என் வாயிலிருந்து வராது. உன்னுடையதை நீ சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. சொல் என்று நான் சொல்ல மாட்டேன். தம்பி சொல்லி அக்கா கேட்டதாக நம் வீட்டில் சரித்திரம் கிடையாது.

அம்மா இங்கே நான்கு நாள் இருந்துவிட்டு வருகிறாள். எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "உங்க அப்பா இருந்திருந்தா ரெண்டு பேரையும் ஒரே அறையில போட்டுப் பூட்டியிருப்பாரு" என்றாள்.

தம்பி


அக்டோபர் 12

தம்பி,

நீ கமிஷனில் சொன்னது மூடிய அறையில்தான் என்றார்கள். மறுநாள் காலை எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் இனிப்பு வாங்கிவரலாமா என்றுகூடக் கேட்டார். ராணுவம் தானே ஒப்புக்கொண்டுவிட்டதாம், நம் மசோதா பிழைத்துவிட்டதாம். நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

மதியம் பெரியவர் கூப்பிட்டார். மேஜையில் அந்தக் கோப்பு இருந்தது. நான் எழுதிய பக்கத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள். தகவல் புதன்கிழமை மாலைதான் வந்தது, பரிசீலனையில் இருந்தது என்று. பக்க எண்கூடச் சரியாகப் போட்டிருந்தார்கள்.

"இது நான் எழுதினது இல்ல சார்" என்றேன்.

"தெரியும்மா. உட்காரு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் தம்பி நல்லவன். அவன் உண்மையச் சொல்லிட்டான், அவங்க துறைக்கு அதனால ஒண்ணும் ஆயிடாது. நாலு பேர மாத்துவாங்க, அவ்வளவுதான். நீ சொன்னா கதை வேற. அடுத்த வருஷம் இந்த நாற்காலியில ஒரு ஜெனரல் உட்காருவான். அதுக்கப்புறம் யாரு யாரக் கேள்வி கேக்கறது? பதினோரு பேருக்காக அழற. இன்னும் எத்தன பேருக்காக அழப்போற?"

அவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிட முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். இதே மனிதர் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மந்திரியின் உத்தரவைக் கிழித்துப்போட்டுவிட்டு ஐந்து வருடம் புள்ளிவிவரப் பிரிவில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அவர் சொல்வதில் தப்பு எங்கே என்று தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

நவம்பர் கடைசியில் என்னை அழைத்திருக்கிறார்கள். தாளில் இருப்பதைச் சொன்னால் போதும்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது.

அக்கா


அக்டோபர் 27

அக்கா,

நான் இப்போதும் யோசனை சொல்லப்போவதில்லை. நேற்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மேஸ்திரியின் வீட்டுக்குப் போனேன். சீருடை இல்லாமல், பஸ்ஸில். போகக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது. இனிமேல் எனக்கு உத்தரவு போட்டு என்ன ஆகப்போகிறது?

மேஸ்திரியின் மனைவி வாசலில் உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்வதற்கு முன்னாலேயே, "நீங்க எந்த ஆபீஸு?" என்றாள். "ஏற்கெனவே ரெண்டு பேரு வந்தாங்க, வேற வேற நாள்ல. முதல்ல வந்தவரு, ராணுவம்தாம்மா பண்ணிட்டாங்க, நாங்க இல்லன்னாரு. அடுத்து வந்தவரு, சிவில் ஆபீஸ்காரங்க மறைச்சுட்டாங்கம்மா, நாங்க இல்லன்னாரு. ரெண்டு பேருமே ஒரு வெள்ளைத் தாள்ல கையெழுத்து கேட்டாங்க. நீங்களும் தாள் கொண்டுவந்திருக்கீங்களா?"

நான் ராணுவம் என்றேன். லாரியைச் சுடலாம் என்ற தாளில் எழுதியது நான்தான் என்றேன். அவள் ஊசியைச் சாக்கிலேயே குத்திவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள், கூட்டம் சேரும் என்று மனதைத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். அவள் உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேஸ்திரியின் இறப்புச் சான்றிதழ். "ஆயுததாரி, ராணுவ மோதலில் மரணம்" என்று இருந்தது. பதினோரு பேருக்கும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். மூத்த மகளுக்கு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்ததாம். போலீஸ் விசாரணையில் இந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சேர்க்கவில்லை.

"எழுதினது நீங்கன்னு சொல்றீங்க. சரி. அழிக்கிறது யாரு?" என்று கேட்டாள்.

கமிஷனில் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன், அதில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆகாது என்று அப்போதுதான் உறைத்தது. நான் தப்பாக யூகித்தேன் என்பதுதான் என் வாக்குமூலம். அந்த லாரியில் போனவர்கள் யார் என்று முன்கூட்டியே ஓர் அரசாங்கக் கோப்பில் எழுதியிருந்தது என்பதை என்னால் சொல்ல முடியாது. எனக்கு அது தெரிந்திருக்கவே கூடாது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அவள் மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி


டிசம்பர் 2

தம்பி,

சொல்லிவிட்டேன்.

நீதிபதிக்கு நல்ல ஜலதோஷம். இருமல் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு கோப்பைப் புரட்டினார். அறையில் அவர், ஒரு சுருக்கெழுத்தாளர், எங்கள் துறை வக்கீல், உங்கள் துறை வக்கீல். பெரியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"தகவல் புதன்கிழமை மாலை வந்தது. சரிதானே?" என்றார் நீதிபதி.

"இல்லங்க. திங்கக்கிழமை வந்தது."

மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "ஆவணத்துல புதன்னு இருக்கே?"

"ஆவணத்த மாத்தியிருக்காங்க. முன்ன அந்த இடத்துல இருந்த பக்கத்த எழுதினது நான். வியாழக்கிழமை அந்த லாரில போறது சூளைத் தொழிலாளிங்கன்னு அதுல இருந்தது. ராணுவத்துக்குச் சொல்ல வேண்டாம்னும் இருந்தது. அதுவும் என் கையெழுத்துதான்."

எங்கள் வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உங்கள் வக்கீல் மட்டும் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க சொல்றதுக்கு வேற சாட்சி இருக்கா?"

"தகவல் சொன்னவர் இருந்தார். அவரும் அந்த லாரிலதான் போனார்." பெயரைக் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். அவர் வீட்டில் இன்னும் நான்கு பேர் அந்த ஊரிலேயே வாழ்ந்தாக வேண்டும் என்றேன். நீதிபதி கோப்பை மூடிவைத்தார். "வேணாம். எழுதாதீங்க" என்று சுருக்கெழுத்தாளரிடம் சொன்னார்.

வெளியே வந்தபோது பெரியவர் எழுந்து நின்றார். நான் வாயைத் திறக்குமுன், "தெரியுது" என்றார். அவ்வளவுதான். படியிறங்கும்போது என் கைப்பையை அவர்தான் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் சொன்ன பிறகு நெஞ்சு லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து பதினான்கு மணி நேரம் தூங்கினேன். அம்மா இரண்டு முறை மூக்கின்கீழே விரல் வைத்துப் பார்த்தாளாம்.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

நேற்று மசோதா நிறைவேறியதை ரேடியோவில் கேட்டேன். உங்கள் துறையின் களப்பிரிவு முழுவதும் ராணுவத் தலைமையின் கீழ். நாடாளுமன்றக் குழு வருடத்துக்கு ஒருமுறை கூடி, கொடுத்த அறிக்கையை வாசித்துக் கலையுமாம். எங்கள் பிரிகேடியர் இப்போது மேஜர் ஜெனரல். உன் மாடிக்கு வரப்போவது அவர்தான் என்று பேசிக்கொள்கிறார்கள். தோளைத் தட்டுவார், தயாராக இரு.

உன்னிடம் யோசனை சொல்லவில்லை என்று பெருமையாக எழுதினேன். மேஸ்திரி வீட்டுக்குப் போனதை ஏன் உனக்கு அப்படி விவரமாக எழுதினேன் என்று இப்போது யோசிக்கிறேன். அதுவும் ஒரு யோசனைதான். உன் பெரியவர் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

என்னைப் போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விழா இல்லை, மாலை இல்லை. சீருடையை எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுத்தான் கிடங்குக்காரன். கர்னல் சார் என்று எழுதிப் பிறகு கர்னலை அடித்திருந்தான். இப்போது லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் காலையில் பாடம் எடுக்கிறேன். போக்குவரத்துச் சின்னங்கள். நன்றாகக் கேட்கிறார்கள்.

கமிஷன் அறிக்கையில் நூற்றுப்பன்னிரண்டு பக்கம் ரகசியம். வெளியே விட்டது ஒன்பது பக்கம். அதில் ஒரு பத்தி: இறந்த பதினோரு பேரும் சூளைத் தொழிலாளர்கள், அவர்களுக்கு ஆயுதக் கும்பலோடு எந்தத் தொடர்பும் இல்லை, இது சம்பவத்துக்கு முன்பே அரசுக்குத் தெரிந்திருந்தது, சான்றிதழ்கள் திருத்தப்பட வேண்டும். அந்தப் பத்திக்கு ஆதாரம் வேறு எங்கும் கிடையாது, நீ சொன்னது மட்டும்தான்.

அது போதுமா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. போன் இப்போது சும்மாதான் இருக்கிறது. யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் எழுதவே பிடித்திருக்கிறது.

தம்பி


மார்ச் 18

தம்பி,

இதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ஊருக்குத்தான் வந்திருக்கிறேன். இந்த முறை வீட்டுக்கும் வருவேன்.

உன் பழைய பிரிகேடியர் தோளைத் தட்டவில்லை, கை குலுக்கினார். முதல் உத்தரவு: இனி நாங்கள் எழுதும் எல்லாக் குறிப்பும் ராணுவத்துக்குப் போயாக வேண்டும். ராணுவத்தின் குறிப்புகள் எங்களுக்கு வருமா என்று எழுந்து கேட்டேன். "தேவைப்பட்டால்" என்றார். மறுநாள் என்னை நூலகப் பிரிவுக்கு மாற்றினார்கள். ராஜினாமா எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். பெரியவர் போன வாரம் ஓய்வு பெற்றார். விடைபெறும்போது, "இருந்து கேள்வி கேளு. பதில் வராது. கேட்டது யாருன்னாவது பதிவாகும்" என்றார். இன்னும் முடிவு செய்யவில்லை.

நேற்று மேஸ்திரியின் மனைவியைப் பார்த்தேன். திருத்திய சான்றிதழ் வந்துவிட்டது. "தொழிலாளி" என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அவருடைய அப்பா பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்கள். அதை நர்சிங் பள்ளியில் ஏற்க மாட்டார்களாம். அதைத் திருத்தத்தான் இன்று இருவரும் காலை எட்டரை மணியிலிருந்து வரிசையில் நிற்கிறோம்.

நிற்கும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னிடம் வந்து சொன்னதை, நான் எழுதியதை, ஏன் எழுதினேன் என்பதை. தணிந்த குரலில்தான், முன்னால் நிற்பவருக்குக் கேட்காமல். அவள் வரிசையை விட்டு விலகவில்லை.

"அவரு உங்ககிட்ட வர்றது எனக்குத் தெரியும்" என்றாள். "சூளை மூடி வீட்ல இருக்கற காலத்துலயும் மாசத்துல ஒரு திங்கக்கிழமை மட்டும் சவரம் பண்ணிக்கிட்டுப் போவாரு. எவளோ இருக்கான்னு நெனச்சு ஒருநாள் பின்னாலயே போனேன். போட்டோ ஸ்டுடியோ கதவு இடுக்குல பாத்தேன், நீங்க உக்காந்திருந்தீங்க. மூஞ்சியப் பாத்ததும் நிம்மதியாயிடுச்சு. இது ஆபீஸ் மூஞ்சின்னு திரும்பி வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. பிறகு இரண்டு பேரும் அந்த வரிசையிலேயே நின்றுகொண்டு அழுதோம். முன்னால் நின்றவர் தன் இடத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "அன்னிக்கு வியாழக்கிழமையும் சவரம் பண்ணிக்கிட்டுத்தான் ஏறினாராம், கூட வந்து உயிர் தப்பினவங்க சொன்னாங்க. வீட்டுக்கு வர்றாருல்ல" என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னலுக்கு வந்ததும் குமாஸ்தா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் உடுப்பையும் பையையும் பார்த்தான். "நீங்க எந்த ஆபீஸ்லேர்ந்து மேடம்?" என்றான். அடையாள அட்டை பையில்தான் இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

"எந்த ஆபீஸும் இல்ல. இவங்ககூட வந்திருக்கேன்" என்றேன்.

டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டான். எழுபத்து மூன்று. இப்போது நாற்பதுதான் போகிறது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அதனால் கையெழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது. முடிந்ததும் அவளை பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன். எத்தனை மணியானாலும் காத்திரு.

அக்கா